ஹேண்டிலைத் திருப்பினால் அணையும் ஃபாக் லைட்

நண்பரே, பைக்கின் ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் கிராஷ் கார்டில் உள்ள இரண்டு ஃபாக் லைட்டும் அணைகின்றன, நேராக்கினால் எரிகின்றன, ஃபியூஸ் போகவில்லை என்கிறீர்கள். ரிலேயை, அதாவது ஸ்விட்ச்சைப் போட்டதும் லைட்டுக்குக் கரண்ட்டை இணைத்துவிடும் சின்னப் பெட்டியை, இப்போதே மாற்ற வேண்டாம். நான் அப்படித்தான் புது ரிலே வாங்கிப் போட்டேன். கடைசியில் கேபிள் டை இறுக்கிய இடத்தில் ஒயர் அறுந்திருந்தது.

ஃபியூஸ் போகாததால் இது அநேகமாக ஷார்ட் இல்லை, தொடர்பு விட்டுப்போவதுதான். சாவியையும் ஸ்விட்ச்சையும் ஆன் செய்து, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பி ரிலேயில் காது வையுங்கள். லைட் அணையும்போது 'டிக்' கேட்டால் ஸ்விட்ச் ஒயரில்தான் கோளாறு. ஸ்டியரிங் கழுத்தில் மடங்குமிடத்தைப் பாருங்கள். மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். மல்டிமீட்டரை ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட பின்களில் (ஸ்விட்ச் கரண்ட் வரும் காயிலின் இரு முனைகள்) வைத்து ஹேண்டிலைத் திருப்பினால் 12 வோல்ட் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சத்தமே இல்லாமல் அணைந்தால் ரிலேயின் 87-ஆம் பின்னிலிருந்து லைட்டுக்குப் போகும் ஒயரில், அல்லது எர்த்தில் (லைட்டின் நெகட்டிவை பைக்கின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) கோளாறு. பேட்டரி நெகட்டிவிலிருந்து லைட்டின் நெகட்டிவுக்குத் தனி ஒயர் பிடித்துப் பாருங்கள்; எரிந்தால் எர்த்தேதான். பெயின்ட் மேல் போல்ட் போட்டு எர்த் எடுத்திருப்பார்கள், சுரண்டிவிடுங்கள்.

அறுந்த ஒயரை மடங்குமிடத்திலேயே ஒட்டுப் போடாதீர்கள், மறுபடி அறும். அந்தத் துண்டையே மாற்றி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தாலும் இழுபடாத அளவு நீளம் விடுங்கள். சரிசெய்யும்வரை இரவில் இந்த லைட்டை நம்பி ஓட்டாதீர்கள்.