கன்றின் முட்டி வீக்கம்: சுளுக்கா, சீழா?

கேள்வி: பிறந்து 20 நாளான கிடாரிக் கன்று. மூன்று நாளாக முன்னங்கால் முட்டி வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினோம், வீக்கம் கூடிவிட்டது. கீறி நீரை எடுத்துவிடலாமா?

பதில்: கீறாதீர்கள். நீவுவதையும் இன்றோடு விடுங்கள். முதலில் கன்றைப் படுக்கவைத்துத் தொப்புளைத் தடவிப் பாருங்கள். அங்கே தடிப்போ ஈரமோ நாற்றமோ இருந்தால், முட்டிக்கு வந்த வினை பெரும்பாலும் அந்த வழியாக வந்ததுதான். தொப்புள் சுத்தமாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். வெளியே ஆறிப்போய் உள்ளே சீழ் நிற்பதுண்டு.

முட்டி என்று நாம் சொல்வது மாட்டுக்கு மணிக்கட்டு. 6 சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். எலும்போடு எலும்பைத் தசைநார் கட்டியிருக்கும். மூட்டைச் சுற்றி உறை போட்டதுபோல ஒரு பை. பையின் வெளிப்பக்கம் உறுதியான நார். உள்பக்கம் மெல்லிய சவ்வு, அதில் இரத்தக் குழாய்கள் ஏராளம். இரத்தத்திலிருந்து நீரை வடித்து, மூட்டுக்குள் வழவழப்பான திரவத்தை நிரப்புவது அந்தச் சவ்வுதான். தொப்புள் வழியாக இரத்தத்தில் கலந்த கிருமியும் அங்கேதான் எளிதாக இறங்குகிறது.

நல்ல மூட்டுத் திரவம் தெளிவாக, வெளிர் மஞ்சளாக, விரலில் தொட்டால் நூல் இழுக்கும். கிருமி புகுந்தால் கலங்கி, தண்ணீராக நீர்த்து, கட்டிகட்டியாகத் திரியும். இதில் பாவப்பட்டது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது, அந்தத் திரவம்தான் சாப்பாடு. நரம்பும் இல்லாததால் தான் அரிபடுவதை அதுவாகச் சொல்லாது. அரிபட்டால் பழையபடி வளர்வதும் இல்லை. அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன். மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

இன்றே கால்நடை மருத்துவரைக் காட்டுங்கள். சுத்தமான ஊசியால் திரவம் எடுத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் மூட்டைக் கழுவிவிடுவார். கிருமிக்கொல்லி மருந்து பல நாள் போட வேண்டியிருக்கும். நடக்கத் தொடங்கியதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் வீட்டில் கீறினால், மூடியிருந்த பை திறந்து தொழுவத்துக் கிருமியும் உள்ளே போகும்.

பெரிய மாட்டுக்குக் கரடான தரையில் முட்டியின் முன்புறம் மட்டும் மெத்தென்று வீங்கும், சூடும் நொண்டலும் இருக்காது. அது மூட்டுக்கு வெளியே தோலடியில் நீர் கட்டுவது, படுக்கையை மெத்தையாக்கினாலே பாதி சரியாகும். உங்கள் கன்றுக்கு வந்திருப்பது அதுவல்ல.

அடுத்த ஈற்றில் கன்று விழுந்ததும் தொப்புள் கொடியை அயோடின் கரைசலில் நனைத்துவிடுங்கள். சீம்பாலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் கொடுங்கள். இப்போதைக்கு மற்ற மூன்று கால்களின் மூட்டுகளையும் காலை மாலை தொட்டுப் பாருங்கள், ஒன்றில் வந்தால் இன்னொன்றிலும் வரலாம்.