ஒரே பெட்டி போதுமா?

கேள்வி: ஐரோப்பிய நீதிமன்ற வழக்குகளைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மாதிரி சுருக்கப் பெட்டி வைக்க நினைக்கிறோம். அதில் என்னென்ன போடலாம்?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: முதலில் எந்த நீதிமன்றம் என்று முடிவு பண்ணுங்கள். லக்சம்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஸ்திராஸ்பூர்கில் இருப்பது மனித உரிமை நீதிமன்றம், அது ஒன்றியத்தைச் சேர்ந்ததே இல்லை. படித்தவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், அதனால் பெட்டியும் இரண்டாக இருக்கட்டும்.

வழக்கின் பெயர், எண், தீர்ப்பு நாள், எந்த அமர்வு, இதெல்லாம் இரண்டுக்கும் பொது. அப்புறம் லக்சம்பர்க் பெட்டியில் அட்வகேட் ஜெனரலின் (தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குத் தன் சட்டக் கருத்தைத் தனியாகச் சொல்பவர்) கருத்துக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும். கூகுள் ஸ்பெயின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள் (சி-131/12, 13 மே 2014): தன் பெயரைத் தேடினால் வரும் பழைய இணைப்பை நீக்கச் சொல்லும் பொதுவான உரிமை ஒருவருக்கு இல்லை என்றுதான் அவர் கருத்துச் சொன்னார், நீதிமன்றமோ சில சூழல்களில் நீக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்த வரியை விட்டால் வழக்கில் சுவாரசியமே இல்லை!

நம் கூட்டரசு நீதிமன்றத்தில் பார்த்துப் பழகிய மாற்றுத் தீர்ப்பு (பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதி தனியே எழுதுவது) லக்சம்பர்க்கில் கிடையாது, அங்கே அந்த வரி வெறுமனே காலியாகக் கிடக்கும். ஸ்திராஸ்பூர்கில் உண்டு. அந்தப் பெட்டியில் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் எந்தப் பிரிவு, மீறப்பட்டதா, வாக்கு எத்தனைக்கு எத்தனை என்பதையும் சேருங்கள்.

‘வென்றவர்’ என்று மட்டும் ஒரு வரி வேண்டாம். லக்சம்பர்க்குக்குப் போகும் வழக்குகளில் நிறைய, உள்நாட்டு நீதிமன்றம் சட்ட விளக்கம் கேட்டு அனுப்பியவைதான். பதில் வந்த பிறகு வழக்கை முடித்துவைப்பது அந்த உள்நாட்டு நீதிமன்றமே.