தாரமங்கலமும் ஆறகளூரும்: கைடோடு ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் சேலத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். மறுநாள் சும்மா இருப்பானேன் என்று, 'ஒரே நாளில் இரண்டு பழமையான கோயில்கள்' என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு சுற்றுலாவில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேன், கூடவே ஒரு கைடு. காலையில் தாரமங்கலம் கைலாசநாதர், மதியத்துக்கு மேல் ஆறகளூர் காமநாதீஸ்வரர்.

தாரமங்கலத்தில் கைடு எங்களைத் தூணுக்குத் தூண் ஓட்டிக்கொண்டே இருந்தார். யாளி வாயில் உருளும் கல், கல் சங்கிலி, இங்கே நின்றால் ராமன் தெரியும் அங்கே நின்றால் தெரியாது என்று ஒரே வித்தை காட்டல். இரண்டாயிரம் வருஷத்துக் கோயில் என்றும் சொன்னார். ஆறகளூரில் நேர்மாறு. நடை திறக்கும் வரை வெயிலில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். திறந்ததும், "எட்டு பைரவர் இருக்காங்க, கும்பிட்டுட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால், அங்கே பார்க்க எதுவும் இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

கைடு வைத்துக்கொண்டு கோயில் பார்ப்பதே வீண்தானா? தங்கை குடும்பத்தோடு மறுபடி வரலாம் என்றிருக்கிறேன். எப்படிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ம., ஓசூர்

---

அன்புள்ள ம.,

முதலில் அந்தக் கைடுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். தாரமங்கலத்தில் அவர் காட்டியது வித்தை என்றால் அந்த வித்தையைச் செய்து வைத்தவர் சிற்பி. யாராவது விரலை விட்டு உருட்டிப் பார்க்கட்டும் என்றுதான் யாளியின் வாயில் பந்தே இருக்கிறது. வந்தவர்கள் பார்க்கவும், வாய் பிளக்கவும், ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லவும் கட்டிய கோயில் அது. கல்யாண வீட்டில் சீர்வரிசைத் தட்டுகளைக் கூடத்தில் பரப்பி வைக்கிறோமே, அந்த மனசு அந்த மண்டபத்தில் இருக்கிறது. அதை அங்கே போய் அடக்கமாகப் பார்க்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

கட்டியவர்கள் கெட்டி முதலியார்கள். மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்டுச் சேலத்தின் மேற்குப் பக்கத்தை ஆண்ட பாளையக்காரர்கள். தாரமங்கலமும் அமரகுந்தியும் அவர்களுடைய ஊர்கள். தெற்கே மதுரை, வடக்கே மைசூர். இரண்டுக்கும் நடுவில் எல்லையைக் காத்துக்கொண்டு, எந்தப் பக்கத்துப் படை எப்போது வருமோ என்று இருந்தவர்கள் இப்படி ஒரு கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். மும்முடி கெட்டி முதலியாரில் தொடங்கி வணங்காமுடி கெட்டி முதலியாரில் முடிந்த வேலை என்று ஊரில் சொல்வார்கள். கோயில் இருந்த இடம் இன்னும் பழையதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்த ராஜகோபுரமும் தூண்களும் 17 ஆம் நூற்றாண்டுக் கணக்கு. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலும் ஆக்ராவில் தாஜ்மகாலும் எழுந்த அதே நூற்றாண்டு. இரண்டாயிரம் வருஷம் என்று கைடு சொன்னதை அங்கேயே விட்டுவிடுங்கள். பழமையைக் கூட்டிச் சொன்னால் பக்தி கூடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. உண்மையில் அதனால் கோயில் கதையில்லாமல் போகிறது. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று கேட்கவே முடியாத ஒன்றாகிவிடுகிறது.

அந்தப் பந்துக்கு வருவோம். அதைத் தனியாகச் செய்து வாய்க்குள் போடவில்லை. தூண், யாளி, பந்து எல்லாம் ஒரே கல். யாளியின் வாயைக் குடைந்துகொண்டே போய், பற்களுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாக உளியை விட்டு, உள்ளே பந்தை உருண்டையாக்க வேண்டும். கடைசி வரை அது அடியில் ஒரு காம்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எல்லாம் முடிந்து அந்தக் காம்பை அறுத்த பிறகுதான் அது உருளும். அதற்குள் ஒரு பல் உடைந்தால் தூணே வீண். கல் சங்கிலியும் இப்படித்தான். வளையத்தைச் செய்து கோக்க முடியாது, வெட்டி வெட்டிப் பிரிக்கத்தான் முடியும். கைடு 'உருட்டிப் பாருங்க' என்றதோடு இந்த நாலு வரியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் வித்தை என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

ராமன் - வாலி தூண்களைப் பற்றி நீங்கள் எழுதிய விதம் எனக்கு உறுத்தியது. ராமன் வில்லோடு நிற்கும் தூணின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் சண்டை போடும் வாலி தெரிகிறான். வாலி பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால் ராமனைக் காணோம். கூட்டமாகப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் இந்தத் தூணில், இன்னொருவர் அந்தத் தூணில், "தெரியுதா?", "ம்ஹூம்", "இப்போ?", நடுவில் ஒருவர் செல்போனோடு. ஒரே சிரிப்பாக இருக்கும். ஆனால் வாலிவதை நம் பட்டிமன்ற மேடைகளில் இன்றைக்கும் தீராத வழக்கு. மறைந்து நின்று அம்பு விட்டது சரியா, தப்பா என்று இரண்டு கட்சியும் மணிக்கணக்காகப் பேசும். சிற்பி பேசவில்லை. உங்களை ராமன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறார். அங்கிருந்து பார்த்தால் குறி எவ்வளவு சுலபம் என்று தெரிகிறது. அப்புறம் வாலியின் பக்கத்துக்கு அனுப்புகிறார். அங்கே நின்று, எங்கிருந்து அம்பு வரும் என்று நீங்களே கண்ணால் துழாவுகிறீர்கள். எனக்குத் தெரிந்து வாலியின் கட்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் எடுத்து வைத்ததில்லை.

கைடு காட்டாமல் விட்டவையும் உண்டு. ராஜகோபுரத்தின் அடிப்பகுதியைத் தேர் போல அமைத்து, யானைகளும் குதிரைகளும் இழுப்பதாகச் செதுக்கியிருப்பார்கள். உள்ளே போகும் அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறோம். மண்டபத்துக்குள் தலையை அண்ணாந்தால் விதானத்தில் கல் தாமரையும் சுற்றிலும் கிளிகளும் இருக்கும். பாதாள லிங்கம் இருக்கிறது. ஊருக்குள்ளேயே எண்கோணமாக ஒரு தெப்பக்குளமும் உண்டு. ஓரிடத்தில் நின்று கல்லை எறிந்தால் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு எறிந்தவரிடமே திரும்பி வரும் என்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் இதை அவர்கள் காதில் போடாமல் இருப்பது உத்தமம்.

சரி, ஆறகளூர். பார்க்க எதுவும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அது விரலை நீட்டிக் காட்ட முடிகிற கோயில் அல்ல. அங்கேதான் கைடு வாயைத் திறந்திருக்க வேண்டும், அங்கேதான் அவர் டீக்கடைக்குப் போயிருக்கிறார். என் வருத்தமெல்லாம் அதில்தான்.

வசிட்ட நதிக்கரையில் இன்றைக்கு ஒரு சாதாரணக் கிராமமாக இருக்கும் ஆறகளூர், 12, 13 ஆம் நூற்றாண்டுகளில் ஒரு தலைநகரம். மகதை மண்டலம் என்ற நாட்டை வாணகோவரையர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். மகாபலியின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட வாணர் குலம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் அவனுக்குக் கீழே இருந்த பொன்பரப்பின வாணகோவரையன் கல்வெட்டுகளில் ஆறகளூரின் தலைவனாகவே பேசப்படுகிறான். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவன் அவன். குலோத்துங்கனுக்குப் பிறகு சோழர்கள் தளர, இந்தப் பக்கத்துச் சிற்றரசர்களின் கை ஓங்கியது. காடவர் குலச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனையே பிடித்துக் கொண்டுபோய் உளுந்தூர்பேட்டைப் பக்கம் சேந்தமங்கலத்தில் அடைத்துப் போட்ட காலம். நீங்கள் வேனில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்த ஊர் அந்தச் சண்டைகளுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

இதெல்லாம் அங்கே சுவரில் எழுத்தாக இருக்கிறது. கல்வெட்டைப் பார்த்ததும் நமக்குப் புரியாது என்று ஒதுங்கிப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' கிரந்த எழுத்தில் இருக்கும், அதை விட்டுவிடலாம். அடுத்துத் தமிழ் வரும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. ஆனாலும் க, ட, ப, ம எல்லாம் இன்றைக்கு நாம் எழுதுவதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாலைந்து எழுத்து பிடிபட்டுவிட்டால் ஒரு ஊர்ப் பெயரோ, ஒரு 'தேவ'னோ கண்ணில் சிக்கும். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழும்பும். விபூதியோ சுண்ணாம்போ மாவோ தடவிப் படிப்பவர்களைப் பார்த்தால் அன்போடு தடுத்துவிடுங்கள்.

எட்டு பைரவர்களைக் கைடு சொன்னதும் தப்பில்லை. ஆறகளூருக்கு இன்று வெளியூர்க் கூட்டம் வருவதே அவர்களுக்காகத்தான். தேய்பிறை அஷ்டமி அன்று போனால் இரவு பூஜைக்கு நிற்க இடம் இருக்காது. ஆனால் மூலவரின் கதையையாவது சொல்லியிருக்கலாமே. சிவன் மேல் பாணம் விட்டுச் சாம்பலான மன்மதன் வழிபட்ட தலம், அதனால்தான் சுவாமிக்குக் காமநாதீஸ்வரர் என்று பெயர். காலையில்தான் தாரமங்கலத்துத் தூணில் ரதியையும் மன்மதனையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரே நாளில் இரண்டு கோயிலுக்குக் கூட்டிப் போகிறவருக்கு வேலையே இந்த முடிச்சைப் போடுவதுதான். வண்டி ஓட்ட டிரைவர் இருக்கிறார்.

கைடு வீணா என்றால், இல்லை. சேலம் பக்கத்தில் சில நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கோயிலுக்குள் எத்தனை மணி நேரம் இருப்போம் என்று கேளுங்கள். 'எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கலாம்' என்பவரைவிட, நடை சாத்தும் நேரத்தைச் சொல்லிக் கணக்குப் போடுகிறவர் மேல். உங்கள் நாள் கெட்டதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு. தாரமங்கலம் சேலத்துக்குப் பக்கம் என்பதால் அதைக் காலையில் வைத்துவிட்டார்கள். ஆறகளூர் எதிர்த்திசையில், வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் எல்லாம் தாண்டி 70 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போய்ச் சேரும்போது மதியம், நடை சாத்தியாயிற்று. திறக்கும்போது எல்லோருக்கும் அலுப்பு. அந்த அலுப்பில் கல்வெட்டாவது ஒன்றாவது!

திருப்பிப் போடுங்கள். விடிந்தும் விடியாமல் சேலத்திலிருந்து கிளம்பி முதலில் ஆறகளூர். காலைச் சாய்வெயிலில் எழுத்து தெளிவாக இருக்கும், மனசும் புதிதாக இருக்கும். அப்படியே பக்கத்தில் தியாகனூருக்குப் போய்வாருங்கள். தியானத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலை இருக்கிறது. மகதை நாட்டில் பௌத்தமும் இருந்ததற்கு அது சாட்சி. (சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிட்டுவந்த சிலையையும் புத்தர்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 இல் சொன்னது நினைவிருக்கலாம். இந்த வட்டாரத்தில் தோண்டத் தோண்டப் புத்தர்தான்.) மதியச் சாப்பாட்டை ஆத்தூரிலோ சேலத்திலோ முடித்துக்கொண்டு, வண்டியிலேயே ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்குத் தாரமங்கலம் போங்கள். காலத்திலும் இது சரியான வரிசை. பழையதை முதலில் பார்த்துவிட்டுப் போனால் நானூறு, ஐந்நூறு வருஷத்தில் தூண் எவ்வளவு வாய் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது என்பது தானாகவே தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. தாரமங்கலம் மேற்குப் பார்த்த கோயில். சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியாக வரும். காலையில் இருட்டாகக் கிடக்கும் சிற்பங்கள் அப்போது நன்றாகத் தெரியும். மாசியில் மூன்று நாள் மாலை, அந்த வெயில் லிங்கத்தின் மேலேயே விழும். சூரியன் மறையும் இடம் அந்த மாதத்தில் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பதால், வாசலும் கருவறையும் வெயிலும் நேர்க்கோட்டில் வருவது அந்தச் சில நாள்தான். அதைப் பார்க்க வேண்டும் என்றால் போங்கள், ஆனால் அன்றைக்குத் தூண்களை மறந்துவிட வேண்டியதுதான். கூட்டத்தில் வாலியும் தெரிய மாட்டான், ராமனும் தெரிய மாட்டான்.

உங்கள் அம்மாவால் ஒரே நாளில் இவ்வளவு தூரம் முடியாது என்றால் ஆறகளூரை விட்டுவிட்டு, காலையில் சேலம் டவுனிலேயே சுகவனேசுவரர், சாயங்காலம் தாரமங்கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளி முகத்துச் சுகர் வழிபட்ட கதையைச் சுகவனேசுவரரில் கேட்டுவிட்டுப் போனால், தாரமங்கலத்து விதானத்துக் கிளிகளைத் தங்கை பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நடுவில் தட்டுவடை செட்டுக்கும் நேரம் கிடைக்கும். தை மாதத்தில், வாரநாளாகப் பார்த்து வாருங்கள். சித்திரையில் வந்தால் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு இரண்டு நிமிஷம் நிற்க முடியாது.