காற்று ஏறும் நாளில் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூர் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். வெளியே நல்ல வெயில். கரையோரமாக வலை போட்டு வரலாமா? (தேவனாம்பட்டினம்)

வேண்டாம். 1, 2 எண்கள் தொலைதூரக் கடலில் உள்ள ஆபத்துக்கானவை. 3, 4 ஏறிவிட்டால் உங்கள் துறைமுகத்துக்கே திடீர்க் காற்று வரலாம் என்று பொருள். வெயிலை நம்பாதீர்கள். புயலின் வெளிச்சுற்று மேகம் பட்டை பட்டையாக வரும். நடுவில் வானம் வெளுத்துத்தான் கிடக்கும்.

5, 6, 7 மூன்றும் கடுமையில் ஒன்றுதான். புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும், நேராகவே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 அப்படியே, கடும்புயலுக்கு. மையம் கடலூருக்குத் தெற்கே கரை கடந்தால் காற்று கடல்நீரை ஊருக்குள் தள்ளும். வடக்கே கடந்தால் காற்று முதலில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். சரியாகக் கட்டாத படகை இழுத்துக்கொண்டு போய்விடும்.

காற்று ஏறும்போது பார்த்து இன்ஜின் நிற்கிறதே, ஏன்? (வீராம்பட்டினம்)

முதலில் டீசல் டேங்கைப் பாருங்கள். அடியில் படிந்த தண்ணீரும் கசடும் படகு குலுங்கும்போது கலங்கி ஃபில்டரை அடைக்கும். டேங்க் பாதி காலியாக இருந்தால் இன்னும் மோசம். புறப்படும் முன் ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து, தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை வடியவிடுங்கள். புது ஃபில்டர் ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும்.

நடுக்கடலில் நின்றே விட்டால் முதல் வேலை இன்ஜினைப் பிரிப்பது அல்ல. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேராக நிறுத்துவது. கூம்பு வடிவ மிதவை நங்கூரத்தை அணியத்திலிருந்து விடுங்கள். அது இல்லையா, வலையைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். புரொப்பல்லர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகும் மிதவையும் ஒரே நேரத்தில் அலை உச்சிக்கு வரும்படி கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஒன்று உச்சியிலும் மற்றது பள்ளத்திலும் இருந்தால் கயிறு தளர்ந்து, பிறகு வெடுக்கென்று இழுத்து, கட்டிய கட்டையையே பெயர்த்துவிடும்.

மழை வெள்ளம் வடியும்போது முகத்துவாரத்தில் அலை ஏன் செங்குத்தாக நிற்கிறது? (கடலூர் முதுநகர்)

ஆற்றுநீர் வெளியே ஓட, அலை உள்ளே வர, எதிர்ப்பில் அலை நெருங்கி உயர்ந்து மணல்திட்டின் மேல் உடைகிறது. நீரேற்றம் வரும்வரை வெளியே காத்திருங்கள். பிறகு ஓர் அலையின் முதுகிலேயே, அதன் வேகத்திலேயே வாருங்கள். முந்தினால் அணியம் பள்ளத்தில் குத்திப் படகு குறுக்கே திரும்பும்; பிந்தினால் அடுத்த அலை பின்னால் ஏறும். ஈர வலையை மேலே குவிக்காமல் அடியில் பரப்புங்கள், ஐஸ் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.

மகன் சரக்குக் கப்பலில் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குப் போகிறான். அங்கே அலைச்சாரலே உறைந்து கப்பலைக் கவிழ்க்குமாமே? (புதுச்சேரி)

உங்கள் பயம் புரிகிறது. நவம்பர், டிசம்பரில் அங்கே ஏரிநீர் காற்றைவிடச் சூடாகவும் மேலே காற்று உறைகுளிராகவும் இருக்கும். அதனால் உயரத்தில் வீசும் பலத்த காற்று நீர்ப்பரப்புக்கே இறங்கிவிடும். 1975 நவம்பர் 10-ல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற 222 மீட்டர் கப்பல் 29 பேரோடு மூழ்கியது அந்த ஏரியின் நவம்பர்ப் புயலில்தான்.

உறைசாரல் வேறு வகை ஆபத்து. கடல்நீர் உறைய சுமார் மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். ஏரியின் நன்னீருக்கு 0 போதும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. பனி படிந்தால் சுமார் 9 கிலோ. மணிக்கு 2 செ.மீ. படியும் நிலை வந்தால் அமெரிக்க வானிலைச் சேவை கடும் உறைசாரல் எச்சரிக்கை விடும். 50 சதுர மீட்டர் மேற்பரப்புள்ள சிறு படகில் அது மணிக்கு 900 கிலோ, அதுவும் உச்சியில். படகு சாய்ந்து நிமிர எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனால் கவிழும் தறுவாய்க்கு நெருங்குகிறது. அந்த மெதுவான ஆட்டம் உடம்புக்குச் சுகமாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

வேகத்தைக் குறைத்து, காற்றைப் பின்னால் வாங்கி, கரை மறைவுக்குப் போக வேண்டும். பனியை மரச் சுத்தியலால் உயரத்திலிருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாகத் தட்ட வேண்டும். நீர் வடியும் துளைகளும் உயிர்காப்புப் படகும் உறைந்துவிடக் கூடாது. இதில் பெரிதும் சிக்குவது சிறு படகுகளும் இழுவைக் கப்பல்களும்தான். உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது: காற்றுள்ள நேரத்தில் தனியாகத் தளத்துக்குப் போகாதே, வழுக்கும்.

ஆபத்தில் யாரை அழைப்பது? (சிங்காரத்தோப்பு)

கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. செல்போன் சிக்னல் கிடைக்காத தூரத்தில் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனல். ஜி.பி.எஸ். எண்களை முதலில் சொல்லுங்கள், பிறகு எத்தனை பேர், பிறகு என்ன கோளாறு. பேச்சு நடுவில் அறுந்தாலும் இடம் தெரிந்திருக்கும்.