வாசகர் கேள்வி பதில்: பழைய அச்சு இயந்திரத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நானும் என் தம்பியும் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் சிறிய டிஜிட்டல் அச்சகம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். திருமண அழைப்பிதழ், கோயில் விழா மலர், துணைப்பாட வகுப்புகளுக்கான பயிற்சித்தாள், பெயரட்டை ஆகியவைதாம் முக்கிய வேலைகள். புதிய இயந்திரம் வாங்க வசதியில்லை. கோனிகா மினோல்டா சி1060, ஜெராக்ஸ் வெர்சன்ட் 80, ரிக்கோ புரோ சி5100 ஆகிய மூன்றும் பழையவையாக விலைக்கு வந்திருக்கின்றன. மீட்டரில் (இதுவரை அச்சிட்ட பக்கங்களின் எண்ணிக்கையில்) மிகக் குறைவாக ஓடியிருக்கும் இயந்திரத்தை வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. உங்கள் கருத்து என்ன?
– ஈசூன் வாசகி

பதில்: மூன்றுமே உங்களைப் போன்ற சிறு அச்சகத்திற்கு ஏற்ற வகையைச் சேர்ந்தவை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 80 ஏ4 வண்ணப் பக்கங்கள், ஏ3-ஐவிடச் சற்றே பெரிய எஸ்ஆர்ஏ3 தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) வரையிலான அட்டை என்ற அளவில், நீங்கள் சொல்லும் வேலைகள் எதையும் இவை தடுக்கப் போவதில்லை. ஆகவே எந்த இயந்திரம் என்று முடிவு செய்வதற்கு முன், அது நின்றுபோனால் யார் வந்து சரிசெய்வார், உதிரிபாகம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தை, ஆவணி மாதங்களில் முகூர்த்த நாள்கள் அடுத்தடுத்து வரும். அந்த வாரத்தில் இயந்திரம் மூன்று நாள் நின்றால், உங்களை நம்பி வேலை கொடுத்த குடும்பத்தால் திருமணத் தேதியை மாற்றிக்கொள்ள முடியாது.

விற்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இயந்திரத்தின் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பு நிறுவனத்தின் சிங்கப்பூர்ச் சேவைப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். இங்கு ஜெராக்ஸ் இயந்திரங்களை விற்ற ஃபியூஜி ஜெராக்ஸ் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஃபியூஜிஃபிலிம் பிசினஸ் இன்னோவேஷன் என்று பெயர் மாறியது. எனவே வெர்சன்ட் குறித்து அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த இயந்திரத்தைக் கிளிக் கட்டண ஒப்பந்தத்தில் (அச்சிடும் ஒவ்வொரு பக்கத்திற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு டோனரையும் பழுதுபார்ப்பையும் நிறுவனமே கவனிக்கும் ஏற்பாடு) சேர்த்துக்கொள்வார்களா, சேர்ப்பதற்கு முன் எந்தெந்தப் பாகங்களை உங்கள் செலவில் மாற்றச் சொல்வார்கள், இன்னும் எத்தனை ஆண்டுகள் பாகங்கள் கிடைக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். ஏ3 தாளின் ஒரு பக்கத்தை ஒரு கிளிக்காக எண்ணுவார்களா இரண்டாக எண்ணுவார்களா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் உங்கள் வேலையில் பெரும்பகுதி பெரிய தாளில் அச்சிட்டு வெட்டுவதாகவே இருக்கும்.

ஒப்பந்தம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக வந்தாலும், புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒப்பந்தம் இல்லையென்றால் டோனர் (அச்சுத்தூள்), டிரம் (படம் பதியும் உருளை), பெல்ட் (அந்தப் படத்தைத் தாளுக்கு மாற்றும் பட்டை), பியூசர் (தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும். டோனர் உறையில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு பொதுவாக ஐந்து விழுக்காட்டு மை நிரப்பை, அதாவது பக்கப் பரப்பில் ஐந்து விழுக்காட்டை மட்டும் டோனர் மூடுவதை, வைத்துச் சொல்லப்படுவது. பின்னணி முழுவதும் அடர்சிவப்பாக இருக்கும் ஓர் அழைப்பிதழ் அதைப்போலப் பல மடங்கு டோனரை எடுத்துக்கொள்ளும் என்பதால், உறையை நம்பி விலை சொன்னால் முதல் மாதமே நட்டம் வரும்.

மீட்டர் விஷயத்தில் உங்கள் தம்பியின் கருத்தை நான் ஏற்கவில்லை. மொத்த எண்ணிக்கை குறைவாக இருப்பது நல்லதுதான் என்றாலும், அது நீண்ட காலம் ஓடாமல் ஒரு மூலையில் கிடந்த இயந்திரமாகவும் இருக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அப்படிக் கிடக்கும் இயந்திரத்தில் தாள் இழுக்கும் ரப்பர் உருளைகள் வழவழப்பாகி இறுகிவிடும், டோனரை ஏந்திச் செல்லும் டெவலப்பர் தூளும் கெடும். எனவே மொத்த மீட்டரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு பாகத்தின் ஆயுளையும் காட்டும் பக்கத்தையும், தாள் சிக்கிய இடங்களின் வரலாற்றையும் உங்கள் கண்முன் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கூடுதலாக ஓடியிருந்தாலும் டிரம், பியூசர், மாற்றுப் பெல்ட் ஆகியவை அண்மையில் மாற்றப்பட்ட இயந்திரம், குறைவாக ஓடி எல்லாப் பாகங்களும் ஆயுளின் முடிவில் நிற்கும் இயந்திரத்தைவிட மலிவாகவே முடியும்.

நேரில் பார்க்கப் போகும்போது உங்கள் தாள்களையும் உங்கள் கோப்புகளையும் கொண்டு செல்லுங்கள். விற்பவர் வைத்திருக்கும் மாதிரிப் படம் எந்த இயந்திரத்திலும் அழகாகவே வரும். ஒவ்வொரு வண்ணத்திலும் பாதி அடர்த்தியில் தாள் முழுவதையும் நிரப்பும் ஒரு பக்கத்தை அச்சிட்டால் கோடு, பட்டை, திட்டு எல்லாம் வெளிப்பட்டுவிடும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் புள்ளி, சுழலும் பாகம் ஒன்றில் பழுது இருப்பதைக் காட்டுகிறது. அடுத்து, 300 ஜிஎஸ்எம் அட்டையில் இருபுறமும் அச்சிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் விலகி நின்றால் பெயரட்டை வேலை ஓடாது. பிறகு இருநூறு முந்நூறு தாள்களை நிறுத்தாமல் ஓட்டி, முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள்.

தமிழ் அச்சுக்கென்று ஒரு சோதனை இருக்கிறது, அதை யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அடர்சிவப்புப் பின்னணியில் ஆறு பாயிண்ட் அளவில் வெள்ளை எழுத்தாக நான்கு வரிகளை அச்சிட்டு, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் திறந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். வண்ணங்கள் சற்றே விலகினாலும் முதலில் மறைவது புள்ளிதான். ஓர் அழைப்பிதழில் தாத்தாவின் பெயரில் புள்ளி விழுங்கப்பட்டிருந்தால், அதை அந்தக் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் கவனிப்பார்கள். அதே தாளை நடுவில் மடித்தும் பாருங்கள். தடித்த அட்டையில் டோனர் மடிப்போரம் வெடித்து வெண்கோடு தெரிவது இயந்திரத்தின் குறையன்று. மடிப்புத் தடம் போடும் கருவி இல்லாமல் மடிப்பதன் விளைவு. அந்தக் கருவிக்கும் ஒரு நல்ல வெட்டும் இயந்திரத்திற்கும் இப்போதே பணம் ஒதுக்கிவையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் எந்த அச்சு இயந்திரமும் உங்களுக்கு வருமானம் தராது.

கோப்புகளைப் பெற்று இயந்திரத்தில் அச்சிட அனுப்பும், ஃபியரி போன்ற கட்டுப்பாட்டுக் கணினியைப் பலர் கவனிப்பதில்லை. அதன் நிர்வாகக் கடவுச்சொல், மறுநிறுவல் மென்பொருள், உரிமங்கள் ஆகியவை கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது. முந்தைய உரிமையாளரின் கோப்புகள் அதன் வட்டில் இருக்கும். அவற்றை அழிப்பது தேவைதான், ஆனால் அழித்த பிறகு மென்பொருள் மீண்டும் நிறுவப்பட்டு ஓடுவதைப் பார்த்த பின்னரே ஏற்றிச் செல்லுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சாதாரண 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது என்பதால், இத்தகைய இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் தனி மின்சுற்றுத் தேவைப்படும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலமே செய்யுங்கள். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பகலில் குளிரூட்டி, இரவில் நிறுத்தம் என்று நடத்தினால் திறந்துவைத்த தாள் ஈரம் உறிஞ்சி வளையும், சிக்கும். ஈரமகற்றும் கருவி ஒன்றை இரவு முழுவதும் ஓடவிடுங்கள், பிரித்த தாள்கட்டைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே சுற்றி மூடுங்கள்.

கோயில் மலர் பற்றி ஒரு வார்த்தை: பக்கங்கள் கூடினால் நடுவில் பின் அடிக்கும் முடிப்புப் பகுதி ஏற்காது, பசை ஒட்டி அட்டை போட வேண்டும். அந்தப் பணியைத் தொடக்கத்தில் வெளியே கொடுங்கள்.

மூன்றில் எதற்கு ஒப்பந்தம் கிடைக்கிறதோ, அதில் மேலே சொன்ன சோதனைகளில் தேறுவதை வாங்குங்கள். இரண்டு தேறினால், முன்பின் பக்கங்கள் சரியாகப் பொருந்தும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்; வேகம் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

கேள்வி: ஜொகூரில் இதே வகை இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்கிறார்கள். அங்கிருந்து கொண்டுவரலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மின்னழுத்தம் இரு நாடுகளிலும் ஒத்துப்போவதால் அந்த வகையில் தடையில்லை. ஆனால் இறக்குமதியில் ஒன்பது விழுக்காட்டுப் பொருள் சேவை வரியும், சில நூறு கிலோ எடையுள்ள இயந்திரத்தை ஏற்றி இறக்கும் செலவும் சேரும். அதைவிட முக்கியமாக, டோனர்கள் வட்டார அடிப்படையில் விற்கப்படுவதால், வேறு வட்டாரத்து டோனரை ஏற்காத இயந்திரங்கள் உண்டு. வரிசை எண்ணை இங்குள்ள சேவைப் பிரிவிடம் காட்டி, ஒப்பந்தமும் டோனரும் கிடைக்கும் என்று எழுத்தில் பெற்றால் மட்டும் பேரம் பேசத் தொடங்குங்கள்.