தோண்டிப் பார்க்காமல் உள்ளே திரவம் என்று எப்படித் தெரியும்?

பள்ளிச் செயல்திட்டம் செய்யும் உங்கள் பெண் கேட்டது சரியான கேள்விதான். 'யாரும் போய்ப் பார்க்காத, பூமியின் வெளிக்கரு (நடுக்கருவின் வெளி அடுக்கு) திரவம் என்று புத்தகம் எப்படிச் சொல்கிறது?' மனிதன் தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. அதுவே 12,262 மீட்டர்தான். பூமியின் ஆரமோ 6,371 கி.மீ.! ஆப்பிள் தோலைக்கூடத் தாண்டவில்லை.

முதலில் அவளிடம் ஒரு பச்சை முட்டையைக் கொடுங்கள். தட்டில் சுற்றிவிட்டு, விரலால் ஒரு கணம் நிறுத்தி உடனே விடச் சொல்லுங்கள். மறுபடி மெல்லச் சுற்றும். அவித்த முட்டை அப்படியே நின்றுவிடும். உடைக்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது, இல்லையா?

பூமிக்கு அந்த விரல், நிலநடுக்கம். அதில் கிளம்பும் எஸ் அலை பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போவது. திரவத்துக்குள் அது போகாது. நடுக்கத்தின் மையத்திலிருந்து சுமார் 104 பாகைக்கு (பூமியின் நடுவிலிருந்து அளக்கும் கோணம்) அப்பால் உள்ள கருவிகளில் நேரடி எஸ் அலை பதிவாவதே இல்லை. நடுவில் ஏதோ தடுக்கிறது. கணக்குப் போட்டால், சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் திரவம் தொடங்குகிறது.

அப்புறம், அதற்கும் உள்ளே திடமான உட்கரு இருப்பதைக் கண்டவர் டென்மார்க்கின் இங்கே லேமன். 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தில், வரக்கூடாத இடத்தில் பி அலை (திரவத்துக்குள்ளும் போகும் இன்னொரு நிலநடுக்க அலை) வந்திருந்தது. ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும் என்று 1936-இல் எழுதினார். அவ்வளவு சூட்டிலும் அது உருகாததற்குக் காரணம் அழுத்தம்.

செயல்திட்டத்துக்கு முட்டையே போதும், தெர்மாகோல் உருண்டை வேண்டாம்.