போட் எஞ்சின் கார்ப்பரேட்டரும் இக்னிஷன் டைமிங்கும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். இருபது வருஷத்துக்கு மேல சிங்கப்பூர்ல சாங்கி, பொங்கோல் பக்கம் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற) எஞ்சின் வேலைதான் பாக்குறேன். கேள்வி நிறைய வந்திருக்கு, ஒன்னொன்னா வரேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம், எஞ்சின் மக்கர் பண்ணுனா எல்லாரும் மொதல்ல கை வைக்கிறது கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்குறது) ஸ்குரூல, அதுல கடைசியாதான் கை வைக்கணும். எண்ணெய், தண்ணி, ப்ளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள இருக்குற அமுக்கம்) எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் ட்யூனிங்.

கேள்வி: அண்ணே, யமஹா 15 எச்பி டூ ஸ்ட்ரோக் (பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓடுறது). நியூட்ரல்ல நல்லா ஓடுது, கியர் போட்டதும் இருமிட்டு நின்னுடுது. மாசத்துக்கு ஒரு தடவைதான் உபின் தீவு பக்கம் மீன் புடிக்க எடுப்பேன்.

தம்பி, கடைசி வரியிலயே பதில் இருக்கு. ஒரு மாசம் சும்மா நின்னா கார்ப்பரேட்டர் கிண்ணத்துல இருக்குற பெட்ரோல் ஆவியாகி அடியில பிசின் மாதிரி ஒட்டிக்கும், அது மொதல்ல அடைக்கிறது எஞ்சின் மெதுவா ஓடும்போது பெட்ரோல் வர்ற ஐடில் ஓட்டையத்தான், ஏன்னா அதுதான் இருக்குறதுலயே சின்னது. நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு பாதி டேங்க் பெட்ரோல் வச்சா உள்ள தண்ணியும் வேர்த்து இறங்கும். மொதல்ல கிண்ணத்தோட அடி ஸ்குரூவ கழட்டி ஒரு சின்ன கண்ணாடி டம்ளர்ல புடிங்க. ரெண்டு நிமிஷம் வச்சு வெளிச்சத்துல பாருங்க, அடியில பாதரசம் மாதிரி உருண்டு உருண்டு ஓடுனா அது தண்ணி. அப்படி இருந்தா டேங்க காலி பண்ணுங்க, ஃபில்டர் மாத்துங்க.

தண்ணி இல்லைன்னா கார்ப்பரேட்டர கழட்டி சுத்தம் பண்ணணும். ஜெட்டு (பெட்ரோல் அளவா வர்ற பித்தளைத் துண்டு) ஓட்டையில கம்பி, ஊசி எதையும் விடாதீங்க, பித்தளை மெதுவானது, ஓட்டை ஒரு மயிரிழை பெருசானாகூட அளவு போயிடும். மீன் புடிக்கிறவங்கதானே, மெல்லிசான தங்கூசி நரம்பு கையில இருக்கும், அத விட்டுப் பாருங்க, அப்புறம் க்ளீனர் ஸ்ப்ரே, காத்து. இதெல்லாம் முடிஞ்ச பிறகும் இருமுனா அப்பதான் ஐடில் ஸ்குரூ. இருமல்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம்.

இனிமே வீட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி பெட்ரோல் பைப்ப கழட்டிட்டு எஞ்சின அதுவா நிக்குற வரைக்கும் ஓட விடுங்க, தண்ணி கனெக்‌ஷன் இருக்கும்போதுதான், காஞ்சு ஓடுனா தண்ணிய இழுக்குற இம்பெல்லர் ரப்பர் கருகிடும்.

கேள்வி: ஐடில் ஸ்குரூவ எந்தப் பக்கம் சுத்துனா பெட்ரோல் கூடும்? ஒருத்தர் வலதுங்கிறார், ஒருத்தர் இடதுங்கிறார்.

ரெண்டு பேரும் சரியா இருக்கலாம், ஸ்குரூ எங்க இருக்குங்கிறதப் பொறுத்தது. காத்து வழிய திறந்து மூடுற த்ராட்டில் தகடுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருந்தா அது பெட்ரோல் போற வழிய அடைக்கிற ஸ்குரூ, உள்ள முடுக்குனா பெட்ரோல் குறையும். காத்து உள்ள வர்ற வாய் பக்கம் இருந்தா அது ஏர் ஸ்குரூ, உள்ள முடுக்குனா காத்து குறைஞ்சு பெட்ரோல் ஜாஸ்தியாகும். மேனுவல்ல எத்தனை சுத்துன்னு போட்டிருக்கும், நிறைய எஞ்சினுக்கு ஒன்னுலேர்ந்து ஒன்றரை சுத்து வெளிய. முடுக்கும்போது மெதுவா, முட்டுன உடனே நிறுத்துங்க, அழுத்தி முடுக்குனா ஊசி முனையில வளையம் விழுந்துடும், அப்புறம் என்ன பண்ணாலும் ஐடில் நிக்காது.

ட்யூன் பண்றது போட் தண்ணியில இருக்கும்போது, எஞ்சின் நல்லா சூடான பிறகு, கயிற்ற இறுக்கிக் கட்டிட்டு, கியர் போட்டு. வீட்டு வாசல்ல தண்ணி பைப்பு மாட்டி பண்ற ட்யூனிங் கடல்ல நிக்காது, ஏன்னா அங்க லோடு இல்ல. கால் சுத்து கூட வேணாம், கால்ல பாதி சுத்துங்க, சுத்திட்டு கைய எடுத்துட்டு பதினஞ்சு இருபது செகண்ட் காத்திருங்க, டூ ஸ்ட்ரோக் உடனே பதில் சொல்லாது. பெட்ரோல குறைச்சுக்கிட்டே வந்தா ஒரு இடத்துல தும்ம ஆரம்பிக்கும், கூட்டிக்கிட்டே போனா ஒரு இடத்துல தடதடன்னு ஓடி புகை கக்கும். ரெண்டுக்கும் நடுவுல வச்சு, அதுலேர்ந்து துளி பெட்ரோல் கூட இருக்குற பக்கம் விடுங்க. காது நல்லா ஓடுற இடத்துலயே நிறுத்தச் சொல்லும், கேக்காதீங்க, அது கொஞ்சம் பெட்ரோல் குறைஞ்ச, வறட்சியான இடம், த்ராட்டில திடீர்னு திறந்தா தும்மும்.

கேள்வி: புகை ஜாஸ்தியா இருக்குன்னு ஆயில குறைச்சு கலக்கலாமா?

வேண்டவே வேணாம். மேனுவல்ல 50க்கு 1 (பெட்ரோல் 50 பங்கு, ஆயில் 1 பங்கு) போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் டின்னுக்கு 400 மில்லி, அளந்து ஊத்துங்க. டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்குற அவுட்போர்டு டூ ஸ்ட்ரோக் ஆயில், மோட்டார்பைக் ஆயில் இல்ல. ஆயில கூட ஊத்துனாலும் சிக்கல் இருக்கு, ஆயில் கூடுனா அந்த இடத்துல பெட்ரோல் குறையுது, கலவை வறண்டுடும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

கேள்வி: 40 எச்பி டூ ஸ்ட்ரோக். டைமிங்க (ப்ளக்ல பொறி விழுற நேரத்த) முன்னால தள்ளுனா ஸ்பீடு ஏறும்னு வொர்க்‌ஷாப்புல சொல்றாங்க. பண்ணலாமா?

இதுக்கு நீளமாவே எழுதுறேன், மனசுல உள்ளது. நான் வேலை கத்துக்கிட்ட காலத்துல என்னோட சொந்த போட்ட ஒரு வொர்க்‌ஷாப்புல விட்டேன். திருப்பித் தரும்போது "டைமிங் கொஞ்சம் ஏத்தியிருக்கேன், வித்தியாசம் பாருங்க"ன்னாங்க. பாத்தேன், பறந்துச்சு. மூணாவது வாரம் உபினுக்குப் பின்னாடி ஜொகூர் நீரிணையில முழு த்ராட்டில்ல போகும்போது சின்னதா கல்லு கொட்டுற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சர்ருன்னு பவர் இறங்கிடுச்சு. மீன் பண்ணைக்காரர் ஒருத்தர்தான் கட்டி இழுத்துக்கிட்டு வந்தார். ப்ளக்க கழட்டுனா வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் தூவுன மாதிரி புள்ளி, வெயில்ல திருப்புனா மினுக்குது. அது பிஸ்டனோட அலுமினியம். ஹெட்ட தூக்குனா பிஸ்டன் தலையில விரல் நுழையுற ஓட்டை.

பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு சில டிகிரி முன்னாடியே பொறி விழணும், பெட்ரோல் எரிய நேரம் எடுக்குமில்ல. ரொம்ப முன்னாடி விழுந்தா, மேல ஏறிக்கிட்டு இருக்குற பிஸ்டன எரியுற காத்து எதிர்த்து அமுக்கும், மிச்சக் கலவை தானா வெடிக்கும். கார்ல அந்த சத்தம் கேக்கும், போட்டுல காத்தும் அலையும் சேர்ந்து அமுக்கிடும், கேக்கும்போது முடிஞ்சிருக்கும். அதனால மேனுவல்ல போட்டிருக்குற டிகிரிக்கு மேல ஒரு டிகிரி கூட வேணாம்.

ஸ்பீடு வரலன்னா மொதல்ல டேக்கோமீட்டர (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, அதாவது ஆர்பிஎம், காட்டுற மீட்டர்) பாருங்க. முழு த்ராட்டில்ல மேனுவல்ல சொல்லியிருக்குற ஆர்பிஎம் வரலன்னா ப்ரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுத்துல முன்னால போற தூரம்) ஜாஸ்தியா இருக்கலாம், ஒரு இன்ச் பிட்ச் குறைச்சா சுமார் 200 ஆர்பிஎம் ஏறும். அடியில சிப்பி ஒட்டியிருக்கான்னும் பாருங்க.

டைமிங் செக் பண்றதுன்னா வரிசை இருக்கு. மொதல்ல எல்லா கார்ப்பரேட்டர் தகடும் ஒரே நேரத்துல திறந்து ஒரே நேரத்துல மூடுதான்னு. அடுத்து த்ராட்டில் உருளை, அதத் தள்ளித் திறக்குற கேம் தகடுல எந்தக் கோட்டுல தொடுதுன்னு. அதுக்கப்புறம்தான் டைமிங் லைட்ட ஒன்னாம் சிலிண்டர் வயர்ல மாட்டி, எஞ்சினோட சுத்துற ஃப்ளைவீல் சக்கரத்துல இருக்குற கோட்டப் பாக்குறது. ஐடில் எல்லாத்துக்கும் கடைசி. முழு அட்வான்ஸ் (பொறி அதிகபட்சம் முன்னாடி விழுற இடம்) பாக்கணும்னா தண்ணியில லோடோட, ரெண்டு பேரா, ஒருத்தர் ஸ்டியரிங்லயே இருக்கணும். தொங்குற சட்டை, கழுத்துச் செயின் எதுவும் ஃப்ளைவீல் பக்கத்துல ஆகாது.

கேள்வி: போன மாசம் பாறையில இடிச்சு எஞ்சின் டக்குனு நின்னுடுச்சு. அதுலேர்ந்து ஸ்டார்ட் பண்ணும்போது கயிறு கைய பின்னால இழுக்குது, கார்ப்பரேட்டர் வழியா படார்னு அடிக்குது. கார்ப்பரேட்டர் ரெண்டு தடவை சுத்தம் பண்ணியாச்சு.

மூணாவது தடவை பண்ணாதீங்க. ஃப்ளைவீல் சாவி நகர்ந்திருக்கும். ஃப்ளைவீலையும் கிராங்கையும் (எஞ்சின் தண்டையும்) சேர்த்துப் புடிக்கிற சின்ன அரைவட்டத் துண்டு அது, திடீர்னு நின்னா வெட்டுப்படும், ஒரு மில்லி நகர்ந்தாகூட ஃப்ளைவீல்ல இருக்குற காந்தம் தப்பான இடத்துல வந்து டைமிங் மாறிடும். புல்லர் போட்டு கழட்டுங்க, சுத்தியலால தட்டாதீங்க, காந்தம் உடையும். சாவிய எடுத்து பக்கவாட்டுல நகத்த ஓட்டுங்க, படி மாதிரி தட்டுப்பட்டா மாத்தணும். மாட்டும்போது கிராங்கும் ஃப்ளைவீலும் சேர்ற கூம்பு ரெண்டு பக்கமும் துடைச்சு காய வைங்க, கிரீஸ் தடவாதீங்க, நட்ட டார்க் ரெஞ்சால மேனுவல்ல சொன்ன அளவுக்கு முடுக்குங்க.

கேள்வி: 98 பெட்ரோல் ஊத்துனா நல்லதா?

காசு வீண். மேனுவல் கேக்குற ஆக்டேன் போதும், பெரும்பாலும் 92, 95.

கேள்வி: ஆளுங்கள ஏத்திட்டுப் போற பம்போட் எஞ்சினுக்கும் இதே மாதிரிதானா அண்ணே?

இல்லப்பா, சாங்கி ஜெட்டியிலேர்ந்து உபினுக்கு ஓடுறது டீசல். கார்ப்பரேட்டரும் இல்ல, ப்ளக்கும் இல்ல. அங்க இன்ஜெக்‌ஷன் டைமிங்னு வேற கணக்கு.

கேள்வி: பழைய இன்போர்டு (போட்டுக்கு உள்ளயே இருக்குற) பெட்ரோல் எஞ்சின். மரைன் கார்ப்பரேட்டர் விலை ஜாஸ்தி, அதே சைஸ்ல கார் கார்ப்பரேட்டர் இருக்கு. போல்ட்டும் சேருது. மாட்டலாமா?

தயவுசெஞ்சு மாட்டாதீங்க. கார்ல பெட்ரோல் பொங்கி வழிஞ்சா ரோட்டுல சொட்டும், காத்து அடிச்சுக்கிட்டு போயிடும். போட்டுல அது அடித்தட்டுல தேங்கும், பெட்ரோல் ஆவி காத்த விட கனமானது, தானா வெளிய போகாது, ஒரு பொறி போதும். மரைன் கார்ப்பரேட்டர்ல பொங்குனாலும் எஞ்சினுக்குள்ளயே போற மாதிரி செஞ்சிருப்பாங்க, வாயில தீ தடுக்குற வலையும் இருக்கும். கார் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டருக்கும் இதேதான், அதுங்க பொறி வெளிய வரலாம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் ப்ளோயர் (எஞ்சின் அறைக் காத்த வெளிய தள்ளுற ஃபேன்) ஓட விட்டு, மூடியத் திறந்து மோந்து பாத்துட்டு சாவியத் திருப்புங்க. உங்க போட்டுல புள்ளைங்களும் வருவாங்க.

கேள்வி: ஊர்ல, கன்னியாகுமரி பக்கம், அப்பா வள்ளத்துல மண்ணெண்ணெய் எஞ்சின் ஓட்டுறாரு. பெட்ரோல் எஞ்சின்லயும் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாமான்னு கேக்குறாரு.

அப்பாகிட்ட வேணாம்னு சொல்லுங்க. மண்ணெண்ணெய் மாடலுக்கு கம்ப்ரஷனே குறைவா வச்சிருப்பாங்க. பெட்ரோல் மாடல்ல கலந்தா நான் மேல சொன்ன அதே பிஸ்டன் ஓட்டை கதைதான். அவரு எஞ்சின்ல, நிறுத்துறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லுங்க, இல்லன்னா மறுநாள் காலையில கிண்ணத்துல மண்ணெண்ணெய் நிக்கும், கயிறு இழுத்து இழுத்து தோள் போயிடும்.

கேள்வி: அண்ணா, நான் போட் லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம்தான் ஆகுது. ப்ளக் பாத்து கார்ப்பரேட்டர் சரியா இருக்கான்னு எப்படி சொல்றது?

நல்ல கேள்விம்மா. முழு த்ராட்டில்ல ரெண்டு நிமிஷம் ஓட்டி, அப்படியே சாவிய ஆஃப் பண்ணி நிறுத்தி, ப்ளக்க கழட்டிப் பாருங்க, ஐடில்ல கொஞ்ச நேரம் விட்டுட்டு பாத்தா பொய் சொல்லும். கப்பல் போற வழியில இத பண்ணாதீங்க, ஓரமா, நங்கூரம் கையில தயாரா வச்சுக்கிட்டு. முனை மைலோ தூள் மாதிரி பழுப்பு கலர்ல இருந்தா சரி. கருப்பா ஈரமா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருந்தா வறட்சி, அன்னைக்கு மெதுவா வீடு வந்து சேருங்க, வேகமா ஓட்டாதீங்க. ரெண்டு ப்ளக்கும் ரெண்டு கலர்ல இருந்தா கம்ப்ரஷன் பாக்கணும். என்ஜிகே கம்பெனி ப்ளக்ல நம்பர் ஏறுனா ப்ளக் குளிர்ச்சி, அதனால கடையில 7 இல்லைன்னு 5 குடுத்தா வாங்காதீங்க. ஒரு செட் புது ப்ளக், ப்ளக் ஸ்பேனர் ரெண்டும் எப்பவும் போட்டுலயே இருக்கட்டும்.